தொடக்கத்துக்குக் கீழே

பட்டியலின் அடியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது.

புருலாய் கண்களைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். கொதிகலனை இயக்கும் அந்தச் சின்னக் கருவி ஒவ்வொரு முறை செயலிழந்து நிற்கும்போதும், அந்தக் கணத்தில் உள்ளே எந்த வேலை எதை அழைத்தது என்று ஒரு பட்டியல் எழுதி அனுப்பும். கடைசியாக அழைக்கப்பட்டது மேலே. அதை அழைத்தது அதற்குக் கீழே. அதையும் அழைத்தது இன்னும் கீழே. அப்படியே இறங்கினால் அடியில் எப்போதும் ஒரே சொல்: 'தொடக்கம்'. தொடக்கத்தை யாரும் அழைப்பதில்லை. மின்சாரம் வந்ததும் அது தானாக எழுந்துகொள்ளும்.

இன்று தொடக்கத்துக்குக் கீழே 'மூத்தவர்' என்று இருந்தது.

பிற்பகல் மணி மூன்றுதான். ஆனாலும் பிஷ்கெக் நகரத்தின் மேல் நிலக்கரிப் புகை அழுக்குக் கம்பளம்போலக் கிடந்ததில் ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடம்கூடத் தெரியவில்லை. மூடிய கதவிடுக்கு வழியாகவும் அந்தக் கரி வாசம் உள்ளே வந்து நாக்கில் படிந்தது. வெளியே மைனஸ் பதினெட்டு டிகிரி. அடுத்த அறையில் மகள் ஐபெரி இருமினாள். ஆறு வயது, நான்கு நாள் காய்ச்சல். காலையிலிருந்து கருவி மூன்று முறை நின்றுவிட்டது. ஒவ்வொரு முறையும் குழாய்கள் சொடுக்கிச் சொடுக்கிக் குளிர, சுவர்கள் ஈரமாக வேர்த்தன. கணவன் வெளிநாட்டில், நோவோசிபிர்ஸ்க்கில், டாக்ஸி ஓட்டுகிறான். பழுது பார்ப்பவன் நாளை மறுநாள்தான் வருவானாம். தவறை அவளே கண்டுபிடித்தாக வேண்டும், குழந்தையின் அறை உறைவதற்குள்.

அந்தக் கருவியைச் செய்யும் நிறுவனத்தில் பட்டியல் அவள் வேலைதான். வெறும் எண்களாக வருவதை மனிதர் படிக்கும் பெயர்களாக மாற்றுவாள். மறைக்க வேண்டியதை மறைப்பதும் அவள்தான். கருவியின் நினைவில் எது எங்கே இருக்கிறது என்பது திருடனுக்குக் கிடைத்தால் வீட்டு வரைபடம் கிடைத்த மாதிரி, அதை அழிப்பாள். வீட்டுக்காரர் பெயர் வெளியே போகக்கூடாது. பெயர் தட்டுப்படும் இடத்தில் கறுப்புப் பட்டை விழும். அந்த ஏற்பாட்டை முதலில் சோதித்தது இந்த வீட்டுக் கருவியில்தான். வீடு இன்னும் மாமனார் பெயரில் இருந்தது. மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது. பதினொரு வருடம் அவள் சொன்னதில்லை; விசைப்பலகையில் தட்டக்கூட விரல் வரவில்லை. கூட வேலை பார்க்கும் மிர்பெக்கைத் தட்டச் சொன்னாள். அந்தப் பெயருக்கு மட்டும், பட்டைக்குப் பதிலாக, தான் வீட்டில் சொல்லிப் பழகிய 'மூத்தவர்' என்ற சொல்லையே போட்டுவைத்தாள். சோதனை முடிந்ததும் எடுத்துவிட நினைத்து மறந்துபோனாள்.

மூத்தவர் இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது.

மிர்பெக்கை அழைத்தாள். அவளைவிடப் பத்து வயது சின்னவன்; அக்கா என்ற பொருளில் 'எஜே' என்றுதான் கூப்பிடுவான்.

"எஜே, தொடக்கத்துக்குக் கீழ என்ன இருக்கும்? உங்க தூக்கந்தான் இருக்கும். எப்பத் தூங்கினீங்க?"

"செவ்வாக்கிழமை."

"அது சரி. வீடு அவர் பேருலதானே பதிஞ்சிருக்கு? அந்தப் பேரு நினைவுலருந்து சிந்தி பட்டியல்ல விழுந்திருக்கும். குப்பை. விட்டுத்தள்ளுங்க."

குப்பை. அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். ஆனால் பட்டியலைப் பார்க்கப் பார்க்க மனதுக்குள் வேறொன்று ஊறியது. கடைசிக் குளிர்காலம் முழுக்க அவர் அந்த அறையில் கிடந்தார், இப்போது ஐபெரி கிடக்கும் அறையில். அவர் அழைப்பார், இவள் போவாள். டீ. தலையணை. ஜன்னல். மறுபடி டீ. அழைக்கப்படுவதற்கென்றே பிறந்தவள் மாதிரி. பெயர் சொல்லாததை மரியாதை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளும். அவர் போன அன்று சமையலறையில் தனியாக நின்று, ஒரு முழுக் கோப்பை டீயைச் சூடாகக் குடித்து முடித்தாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

குழாய் சொடுக்கியது.

கொதிகலன் நின்றது. நான்காவது முறை.

ஐபெரி இருமினாள், நீளமாக. திரையில் புதுப் பட்டியல். தொடக்கம். அதற்குக் கீழே மூத்தவர். அதற்கும் கீழே இன்னொரு வரி: கறுப்புப் பட்டை. யாரோ ஒரு மனிதரின் பெயர்.

மூத்தவரை யாரோ அழைத்திருக்கிறார்கள்.

மறைப்பை நீக்க இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும்; ஆளுக்குப் பாதிச் சாவி. மறுபடி அழைத்தாள்.

"மிர்பெக், உன் பாதிச் சாவியப் போடு. முழுசாத் திறந்து பாத்தாத்தான் எங்க நிக்குதுன்னு புரியும்."

"திறந்தா உங்க மாமனார் பேரும் தெரியுமே எஜே. நாக்கு அழுகிடாதா?"

"குழந்தை அறை பதினோரு டிகிரி. போடுடா."

அவன் சிரிக்கவில்லை. "போட்டுட்டேன். பாத்ததும் மூடிடுங்க."

பட்டியலை அடியிலிருந்து, வாய்விட்டு, ஒவ்வொரு வரியாகப் படிப்பது அவள் பழக்கம். கண் ஏமாற்றினாலும் காது பிடித்துவிடும். பட்டை கரைந்தது. களைப்பில் உதடுகள் தாமாக அசைந்தன.

"புருலாய்," என்று படித்தாள்.

அவள் பெயர். அடியிலும் அடியில், அழைத்தவளின் இடத்தில்.

நிறுத்தியிருக்கலாம். வாய் அடுத்த வரிக்குப் போய்விட்டது. பதினொரு வருடம் சொல்லாத பெயர் எச்சில்போல எளிதாக வெளியே வந்தது. சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

வீடு கேட்டது.

கொதிகலன் பற்றிக்கொண்டது. சீராக. காலையிலிருந்து இல்லாத அளவு சீராக. குழாய்களில் வெந்நீர் ஓடும் சத்தம். திரையில் எதுவும் விழவில்லை.

இருமல் நின்றிருந்தது.

"ஐபெரி?"

ஒரு மெத்தை நகரும் ஓசை. முழங்கால் மூட்டில் நெட்டி முறியும் ஓசை. கிழட்டு மூட்டு.

ஓடினாள். கதவைத் தள்ளினாள்.

கட்டில் காலி. வாசலுக்கு நேரெதிரே, விருந்தாளிகளில் வயதானவருக்கென்று விட்டுவைக்கும் இடத்தில், குழந்தை சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். முதுகு நிமிர்ந்து. இரண்டு உள்ளங்கைகளும் முழங்கால்களில் ஊன்றி. கன்னம் காய்ச்சலில் சிவந்து, உதடு வெடித்து.

"வந்துட்டேன்," என்றாள் ஐபெரி. அவளுடைய சொந்தக் குரல்தான், சளி கட்டிய சின்னக் குரல். "என்ன மருமகளே, டீ எங்க?"

வாரித் தூக்கிக்கொள்ளத்தான் புருலாய் கைகளை நீட்டினாள். கைகள் மார்பில் குறுக்காகச் சேர்ந்தன. முதுகு வளைந்தது. கல்யாணத்தன்று மாமனார் முன் மூன்று முறை வணங்கப் பழக்கிவிட்ட அதே வளைவு. ஒருமுறை. இரண்டு.

மூன்றாம் முறை நிமிர்ந்தபோது, குழந்தை மெல்லத் தலையசைத்து வணக்கத்தை ஏற்றுக்கொண்டாள்.