முப்பத்தொண்ணுக்கு மறுநா

அறுபத்தெட்டாம் வருசம், ஆடி போயி ஆவணி பொறந்த பெறகு, முத்தழகு தேவகோட்டையில இருந்து சாமானை வண்டியில ஏத்திக்கிட்டு ஆத்தங்குடிக்கு வந்து எறங்குனா. ஆகஸ்ட் இருபத்திரெண்டு, வியாழக்கிழமை. தேதியை அவளேதான் பாத்து எடுத்தா. ரெட்டப்படை.

அது மூத்தவ கண்ணாத்தா வீடு. அவ செத்து மூணு வாரம் ஆச்சு. கதவைத் தொறந்ததும் வெந்தயம் போட்டுக் காச்சுன எண்ணெய் வாசம் குப்புனு வந்துச்சு. மூத்தவ தலைக்குத் தேய்க்கிற எண்ணெய். முத்தழகு மூலை மூலையாத் தேடுனா. குப்பி எங்கயும் இல்ல.

ரெண்டு பேருக்கும் புருசன் ஒருத்தருதான், அரசப்பன். தரைக்குப் பதிக்கிற பூக்கல்லு செய்யிற பட்டறையில வேலை. பிள்ளை இல்லைன்னு மூத்தவளே பாத்துக் கட்டிவச்சவதான் முத்தழகு. சண்டை வேணாம்னு நாளைப் பிரிச்சதும் மூத்தவதான். காலண்டர்ல ஒத்தப்படைத் தேதின்னா அவரு ஆத்தங்குடியில. ரெட்டப்படைன்னா தேவகோட்டையில முத்தழகு வீட்ல. ஒரு வருசம் நல்லாத்தான் போச்சு. அப்பறந்தான் முத்தழகுக்கு உறைச்சுச்சு. முப்பத்தொண்ணு ஒத்தப்படை. மறுநா ஒண்ணு, அதுவும் ஒத்தப்படை. வருசத்துல ஏழு தடவை மூத்தவளுக்குச் சேந்தாப்புல ரெண்டு நாளு. அந்த ஏழு நாளை நெனச்சு நெனச்சே வெந்து போனா. கேட்டதுக்கு, தேதியை என்ன நானா போட்டேன்னு மூத்தவ சிரிச்சா.

இந்த ஜூலை முப்பத்தொண்ணுல வயித்து வலின்னு பொய் சொல்லி முத்தழகு அவரைப் புடிச்சு வச்சுக்கிட்டா. அன்னைக்கு ஆத்தங்குடியில மூத்தவளுக்குக் காச்சல். வாயில தண்ணி ஊத்த ஆளில்லாம சாயங்காலமே போயிட்டா.

இனி எல்லாத் தேதியும் தனக்குத்தான்னு நெனச்சுத்தான் முத்தழகு வந்தது.

மறுநா, இருபத்திமூணு, அரசப்பன் எந்திரிக்கல. ஒடம்பு அனலாக் கொதிச்சுச்சு. கண்ணு தொறந்திருக்கு, இவளைப் பாக்கல. இவளுக்குப் பின்னால யாரையோ பாத்துச்சு. இருபத்திநாலுல ஒண்ணுமே நடக்காத மாதிரி பழையது வாங்கித் தின்னுட்டு பட்டறைக்குப் போனாரு. இருபத்தஞ்சுல திரும்ப. டாக்டர் ஊசி போட்டு, இது ஒருநா விட்டு ஒருநா வர்ற முறைக்காச்சல்னாரு. எந்தெந்தத் தேதியில வருதுன்னு முத்தழகு டாக்டர்கிட்ட சொல்லல.

முப்பதாந்தேதி எந்திரிச்சப்ப, ஒரு செம்பு தண்ணியைத் தூக்க அவருக்குத் தெம்பில்ல.

நாளைக்கு முப்பத்தொண்ணு.

அதுக்கு மறுநா ஒண்ணு.

சேந்தாப்புல ரெண்டு நாளு தாங்க மாட்டாரு.

முத்தழகு காலண்டர்ல மூணு தாளை ஒண்ணாக் கிழிச்சு அடுப்புல போட்டா. ரெண்டாந்தேதி தெரியிற மாதிரி வச்சுட்டுப் படுத்தா. விடிஞ்சப்ப சுவத்துல ரெண்டு. பாயில அவரு நெருப்பாக் கெடந்தாரு.

மத்தியானம். வாசல்ல வெயில் கொளுத்துது, உள்ரூம்புல மட்டும் இருட்டு. எண்ணெய் வாசம் நெஞ்சை அடைச்சுச்சு. ஈரத்துணி நனைச்சுக்கிட்டு வந்தவ நெலைப்படியிலயே நின்னுட்டா. உள்ள யாரோ ஓலை விசிறியால விசிறுற சத்தம். சர்ரு. சர்ரு.

வீட்ல இருக்கது ஒரு விசிறி.

அது இவ கக்கத்துல இருந்துச்சு.

பயத்துக்கு முன்னால இவளுக்கு வந்தது ஆத்திரந்தான். என் புருசனுக்கு அவ விசிறுறாளேன்னு. அப்பறந்தான் பயம் வந்து நெலைப்படியிலயே மண்டி போட்டா.

"அக்கா... வயித்து வலின்னு சொன்னது பொய்யி."

சத்தம் நின்னுச்சு.

"அவுகளக் கூட்டிட்டுப் போயிராதீக. ஒத்தப்படைக்கு என்னய வேணா எடுத்துக்கங்க. அவுக உசுரோட இருந்தாப் போதும்."

காதோரமா, சூடில்லாத மூச்சு.

"பேச்சு மாற மாட்டியே?"

முத்தழகுக்கு நெனவு வந்தப்ப காலை வெளிச்சம். அடுப்படியில நின்னுக்கிட்டிருந்தா, கையில அகப்பை. சேலை, மூத்தவ கட்டுற மாதிரி பின்கொசுவம் வச்சுக் கட்டியிருந்துச்சு. இவளுக்கு அப்படிக் கட்டத் தெரியாது.

பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி சுவத்துக்கு அங்குட்டு இருந்து எட்டிப் பாத்தா. "ஏத்தா, ரெண்டு நாளா ஒங்க வீட்ல என்னா சிரிப்பு. அந்த மனுசன் இப்பிடிச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல."

இன்னைக்கு என்ன தேதின்னு முத்தழகு கேட்டா. ரெண்டுன்னு சொல்லிட்டு, புருசன் மயக்கத்துல தேதி கூட மறந்துபோச்சோன்னு சின்னத்தாயி கேலி பண்ணிக்கிட்டே போயிட்டா.

அரசப்பனுக்குக் காச்சல் இல்ல. முகம் கழுவிவிட்ட மாதிரி தெளிஞ்சிருந்துச்சு. நாலு இட்லி தின்னாரு. உசுரோட இருக்காக, அது போதும்னு நெனச்சுப் பாத்தா. போதல. ரெண்டு நாளா என்ன பேசுனாக? எதுக்கு அம்புட்டுச் சிரிப்பு? நம்மகிட்ட ஒருநா அப்பிடிச் சிரிச்சிருக்காகளா? கேட்டே கேட்டுட்டா.

கையைக் கழுவிட்டு வாசப்பக்கம் போனவரு நின்னாரு. திரும்பி இவ மூஞ்சியையே பாத்தாரு, உள்ள யாரோ ஒளிஞ்சிருக்க மாதிரி, ஆசையா.

"நாளைக்குத் தேதி மூணுதானே?"