முப்பத்தொன்றாம் உருப்படி

எட்டு லட்சம் யூரோ. ஏலக் கம்பெனிக்காரன் வாய் கூசாமல் சொன்ன விலை. ஒரு முழத் தாள், கொஞ்சம் கரி, நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்க்கிற ஒன்பது வயதுப் பெண், அவ்வளவுதான் சரக்கு.

பெண்ணின் பெயர் ட்ரூடே. படத்துக்கு இப்போதைய வாரிசான எல்ஃபியின் அம்மாவுக்கு மாமா மகள். ட்ரூடேயின் அப்பா யூலியுஸ் டாப்லர், ஜவுளி மொத்த வியாபாரி, 1938இல் வியன்னா யூதர்கள் எல்லோரையும் போல நாஜி அரசுக்குத் தன் சொத்துப் பட்டியலைத் தானே எழுதிக்கொடுத்தார். உப்புக் கிண்ணம் உட்பட நாற்பத்தேழு உருப்படி; முப்பத்தொன்றாவது, மகளின் இந்தக் கரி ஓவியம். ஒன்றையும் மறைக்கவில்லை. நேர்மையாய் இருந்தால் விட்டுவிடுவார்கள் என்று நம்பிய மனிதர். பட்டியலை வைத்தே வந்து அள்ளிப்போனார்கள். பிறகு ஆட்களையும்.

பதினான்கு வருடக் கடிதப் போருக்குப் பின், இன்று காலைதான் அருங்காட்சியகம் ஓவியத்தைத் திருப்பிக் கொடுத்தது. எழுபத்தோரு வயது எல்ஃபி, பட்டியல் நகலில் முப்பத்தொன்றுக்கு எதிரே சிவப்புப் பென்சிலால் ஒரு டிக் போட்டாள். சந்தோஷம் வரவில்லை. கால்தான் வலித்தது.

நவம்பர். நாலரைக்கே இருட்டிவிட்டது. வெந்நீர்க் குழாய் அடைத்த மூக்கு போலச் சீறியது, கீழே டிராம் திரும்புகையில் சன்னல் கண்ணாடி நடுங்கியது, அறையில் விறகு அணைந்த அடுப்பின் வாசனை. அவள் வீட்டில் அடுப்பே மின்சாரம்.

ஹைஃபாவிலிருந்து தம்பி முறை கிடியோன், இன்னொரு வாரிசு, போனில் கூப்பிட்டான். அருங்காட்சியகத்துக்குத் தரவேண்டிய கடைசித் தாளில் அவன் கையெழுத்துப் போட்டாயிற்றாம்: கேட்டதெல்லாம் வந்து சேர்ந்தது, இனி எதுவும் கோரமாட்டோம்.

“கிடி, படத்துல அவ தரையைத்தானே பாத்துட்டிருந்தா?”

“ஆமா.”

“இப்போ மேசையைப் பாக்கறா.”

“அக்கா, மூக்குக் கண்ணாடியைத் தொடைச்சுப் போட்டுக்கோ. கையெழுத்துப் போடு, தூங்கு. வக்கீல் பங்கு போக நமக்கு வர்றதே கொசுறு.”

துடைத்தாள். பின்சுவரில் மாட்டியிருந்த படத்தில் பெண் மேசையைத்தான் பார்த்தாள். மேசைமேல் அவள் கையெழுத்துக்குக் காத்திருந்த அந்தத் தாள்.

பதினான்கு வருடம் போதும் என்று நினைத்தாள். உட்கார்ந்தாள். எல்லாம் வந்து சேர்ந்தது என்ற வரிக்குக் கீழே பெயரை எழுதினாள்.

பின்னால் ஒரு சத்தம். வறண்ட தாளில் கரி உரசும் சத்தம். நின்றது. மறுபடி.

திரும்பவில்லை. கழுத்து மறுத்தது. குழாயின் சீறல் நின்றிருந்தது. டிராம் இல்லை. வாசனை மட்டும் நெருங்கியது.

மெல்லத் திரும்பினாள்.

சட்டத்துக்குள் நாற்காலி இருந்தது. காலியாக.

தரையில் கரிப் பாதங்கள். சின்னவை. சுவரிலிருந்து மேசைவரை. திரும்பிப் போன தடம் இல்லை.

மறுபடி மேசையைப் பார்த்தாள். பட்டியல் நகல். சிவப்பு டிக்கை யாரோ விரலால் தேய்த்து அழித்திருந்தார்கள். நாற்பத்தேழோடு முடிந்த பட்டியலின் கீழே, பள்ளிக்கூடக் கையெழுத்தில், கரியில், புதிதாய் நாலு வரி:

48. அப்பா
49. அம்மா
50. தம்பி போல்டி
51. ட்ரூடே ✓

மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கை எல்ஃபியின் முழங்காலை உரசிக்கொண்டு மேலே நீண்டது. கரி உதிர, கடைசி வரியை எழுதியது.

வந்தது ஒன்று. பாக்கி ஐம்பது.