பசை மேல் விழுந்த பழி

மேஜையில் வைத்ததுமே அந்தப் புத்தகம் தானாக வாயைப் பிளந்தது. உலோக வார்ப்புத் தொழில் பற்றிய கனமான நூல். முதுகை ஒட்டிய இடத்தில் ஒவ்வொரு தாளும் அலை அலையாக நெளிந்திருந்தது. பதிப்பாளர் அதன் அருகே இன்னொரு பிரதியை வைத்தார். அது பலகை போல் சமமாகப் படுத்திருந்தது.

"ரெண்டும் ஒரே புத்தகம் மேடம். ஒரே அச்சகம், ஒரே பசை. தொழிற்பயிற்சிக் கல்லூரி நூலகத்துல ஒரே அலமாரியில பக்கத்துப் பக்கத்துல நின்னுச்சு. மழைக்காலம் முடியறதுக்குள்ள பாதி இப்படி ஆயிடுச்சு."

அவர் அறிவியல், தொழில்நுட்ப நூல்கள் மட்டுமே வெளியிடுகிறவர். எதிரே உட்கார்ந்திருந்த துப்பறியும் பெண்மணியை ஊரில் 'நிதானம்' என்றே சொல்வார்கள். ஜன்னலோரம் துடித்துக்கொண்டு நின்றவர் அவளுடைய கொழுந்தனார். டாக்சி ஓட்டுகிறவர். எந்த வழக்குக்கும் அண்ணியைத் தனியே விடமாட்டார்.

"யார் மேல சந்தேகம்?" என்றாள் நிதானம்.

பதிப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார். "எங்க அக்கா மேல. பைண்டிங் அவதான். நீதான் பசையைத் தண்ணியாக் கலந்துட்டேன்னு எல்லார் முன்னாடியும் அவளைக் கத்திட்டேன். அன்னைக்குப் போனவதான். போன் பண்ணினா எடுக்குறா, பேச மாட்டேங்குறா. தப்பு அவளோடது இல்லைன்னா, நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவ முன்னாடி நிப்பேன்?"

"அவங்க அப்போ ஒண்ணுமே சொல்லலையா?"

"புதுசா வந்த தாள் மடிக்க முரண்டு பிடிக்குது, மடிப்புல வெடிக்குதுன்னா. சாக்குன்னு நெனச்சேன்."

"அண்ணி, கேஸ் முடிஞ்சுது!" என்றார் கொழுந்தனார். "தண்ணிப் பசை, மழை ஈரம், நெளிஞ்சுபோச்சு. வண்டியை எடுக்கவா, வீட்டுக்குப் போகலாம்?"

"எடுங்க கொழுந்தனாரே. ஆனா அச்சகத்துக்கு."

பதிப்பாளரும் இரண்டு பிரதிகளோடு கூடவே வந்தார். அச்சகத்தில் ஆளுயரத்துக்குத் தாள் அடுக்குகள் நின்றன. வெட்டும் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மேஸ்திரி, கேட்காமலே பெருமையை அவிழ்த்துவிட்டார்.

"பாதி வேலையில பழைய தாள் தீர்ந்துபோச்சும்மா. மில்லுல இருந்து வேற அளவுதான் வந்துச்சு. நேரா வெட்டினா ஓரத்துல ஒரு பட்டை வீணாகும். நான் குறுக்கே திருப்பிப் போட்டேன். ஒரு நறுக்கு மிஞ்சலை!"

"பதக்கமே குடுக்கலாம்," என்று முணுமுணுத்தார் கொழுந்தனார்.

நிதானம் இரண்டு புத்தகங்களிலிருந்தும் கடைசி வெற்றுத்தாளை எடுத்தாள். நல்ல தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தாள். கத்தி வைத்து வெட்டியதுபோல் நேராக வந்தது. நெளிந்த தாளையும் அப்படியே கிழித்தாள். கிழிசல் பல்பல்லாகக் கோணிக்கொண்டு ஓடியது.

பிறகு இரண்டிலும் ஒவ்வொரு சதுரம் வெட்டி, ஒரு பக்கம் மட்டும் ஈரத்துணியால் ஒற்றினாள். யாரும் தொடவில்லை. காகிதம் தானாக அசைந்தது. நல்ல தாள் நெடுக்குவாட்டில் பாய் போல் சுருண்டது, நெளிந்த தாள் குறுக்குவாட்டில்.

"உசிரு இருக்கா அண்ணி இதுக்கு?" கொழுந்தனாரின் குரல் தாழ்ந்துவிட்டது.

"கிட்டத்தட்ட," என்றாள் அவள். "மில்லுல தாள் பொறக்கும்போது அது வெறும் கூழ், பெரும்பாலும் தண்ணி. அதை ஓடுற கம்பி வலை மேல ஊத்துவாங்க. ஆத்துல மிதக்குற மரக்கட்டை ஓட்டத்தோட திரும்பிக்குற மாதிரி, கூழ்ல இருக்குற நார்ல பெரும்பாலானது வலை ஓடுற பக்கமாத் திரும்பிப் படுத்துக்கும். தண்ணி வடிஞ்சு காய்ஞ்சு தாளானாலும் அந்த ஓட்டத்தோட திசை மாறாது. இவ்வளவு மெல்லிசான ஒரு தாளுக்குள்ள ஒரு ஆறே உறைஞ்சு கிடக்கு."

கொழுந்தனார் சட்டைப்பையிலிருந்து ஒரு பார்க்கிங் சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நெடுக்கே கிழித்தார், குறுக்கே கிழித்தார். "இத்தனை வருஷமாக் கிழிச்சுப் போட்டிருக்கேன். ஒரு நாள்கூடப் பார்த்ததில்லையே!"

"ஈரம் குடிச்சா நார் அவ்வளவா நீளாது, பருக்கும். அதனால தாள் விரியுறது நாருக்குக் குறுக்கே; நனைச்ச சதுரம் நார் வாட்டத்துலயே பாயாச் சுருண்டதும் அதனாலதான். நார் முதுகோட இணையா ஓடினா, தாள் வெளி ஓரமா விரிஞ்சுக்கும், யாருக்கும் தொந்தரவில்லை. மேஸ்திரி திருப்பிப் போட்டதுல நார் முதுகுக்குக் குறுக்கே வந்துடுச்சு. அப்போ தாள் மேலயும் கீழயும் விரியப் பார்க்கும். முதுகுல பசை பிடிச்சிருக்கு. போக இடமில்லாம நெளியுது. அக்கா மடிக்கும்போது வெடிச்சதும் இதனாலதான். நாரையே ஒடிச்சு மடிக்க வேண்டியிருந்துச்சு."

மேஸ்திரியின் முகம் தொங்கிப்போனது. "மிச்சம் பிடிக்கத்தாம்மா செஞ்சேன்..."

"தெரியும். யாரும் கெட்ட எண்ணத்துல செய்யலை."

"அப்போ பசை?" பதிப்பாளர் மெதுவாகக் கேட்டார்.

"நெளிஞ்ச தாள் ஒண்ணைப் பிடிச்சு இழுங்க."

இழுத்தார். வரவில்லை. பலம்கொண்டு இழுத்தார். தாள் கிழிந்தது. முதுகு விடவில்லை.

"பசை தண்ணியா இருந்திருந்தா முதுகு விட்டுக்கொடுத்திருக்கும், தாள் கழண்டு வந்திருக்கும். உங்க அக்கா அவ்வளவு உறுதியா ஒட்டியிருக்காங்க. இந்த நெளிவுதான் அவங்களுக்குச் சாட்சி."

பதிப்பாளர் வாசல்வரை போய்ப் போன் செய்தார். "அக்கா, நான்தான். தப்பு என்னோடது. உன் பசை மேல ஒரு குறையும் இல்ல. தாளைத் திருப்பி வெட்டியிருக்கோம்."  அந்தப் பக்கமிருந்து அத்தனை பேருக்கும் கேட்கும்படி ஒரு குரல் வெடித்தது.

"அறிவுகெட்டவனே! சரி, மறுபடி போடணுமில்ல? எப்படி வெட்டணும்னாவது கேட்டு வெச்சியா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கேட்டேன்கா. வெட்டறதுக்கு முன்னாடி ஒரு சதுரத்தை ஒரு பக்கம் நனைச்சுப் பார்க்கணும். சுருள் எந்த வாட்டத்துல நீளமாக் கிடக்குதோ, நார் அந்த வாட்டம். அது முதுகோட இணையா வர்ற மாதிரி வெட்டணும். ஓரம் வீணாப் போனாப் போகட்டும்."