காயாத வத்தல்

இரவீந்திரன் அன்று பின்னேரம் நோர்வேயில், லோறென்ஸ்கூக்கில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, காரின் டிக்கிக்குள் ஒரு மான் கிடந்தது.

காட்டோர வளைவில் குறுக்கே பாய்ந்த மான் அது. அவன் பிறேக்கை மிதித்தது பிந்திப்போயிற்று. இந்த நாட்டில் மான் அடிபட்டால் பொலிசுக்குச் சொல்லவேண்டும், செத்த மான் நகரசபைக்குச் சொந்தம் என்பதெல்லாம் அவனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தென்ன? வன்னியில் வளர்ந்த நாக்குக்குச் சட்டம் விளங்காது. உப்புப் போட்டுக் காயவைத்த மான் வத்தல் தின்று எத்தனை வருசம் என்று நினைத்த கையோடு டிக்கியைத் திறந்துவிட்டான். தூக்கிப் போடும்போதுதான், தெருவுக்கு அந்தப் பக்கம் பன்னச் செடிகளுக்குள் ஒரு குட்டி நிற்பதைக் கண்டான். அது அசையவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றது.

கண்டும் காணாதவன் போலக் காரை எடுத்தான்.

வரும் வழியில், சிவப்பு விளக்கில் நின்றபோது, டிக்கிக்குள் ஒரு உதை கேட்டது.

அவன் ரேடியோவைக் கூட்டி வைத்தான்.

வீட்டில் அவன் மனைவி தக்ஷாயினி பிள்ளையைத் தோளில் போட்டபடி நடந்துகொண்டிருந்தாள். கீர்த்திகன் பிறந்து இரண்டு மாதம்தான். அழுகைக்கு ஒரு பரிசு வைத்தால் அவனுக்குத்தான் கிடைக்கும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் அந்த வயதில் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள், இவன் மட்டும் இன்னும் சிரிக்கவில்லை. அந்த முதல் சிரிப்புக்காகவே தக்ஷாயினி நாள் முழுக்க அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவன் மானைக் கீழே கொண்டுபோவதைக் கண்டு, "இது எங்காலை?" என்று கேட்டாள்.

"வேட்டைக்குப் போற நோர்வேக்காரன் ஒருத்தன் தந்தவன். வத்தல் போடப்போறன்."

கீழே, நிலத்தடி அறையில் வைத்து மானை வெட்டினான். மடிப்பக்கம் கத்தி பட்டதும் விரல்களில் இளஞ்சூடாக ஏதோ வழிந்தது. இரத்தம் என்று துடைக்கப் போனான்.

பால்.

அதற்குப் பிறகாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவன் ஏன் இரவீந்திரன்? நார்வாக்கில் நீள நீளமாகக் கீலம் போட்டு, உப்பும் மஞ்சளும் மிளகும் தேய்த்து, நூலில் கோத்து, உடுப்புக் காயப்போடும் அறையில் கட்டித் தொங்கவிட்டான். ஹீட்டரைக் கூட்டினான். காற்றாடியையும் போட்டான். அந்தச் சூட்டுக்கு இரண்டு நாளில் வத்தல் தோல்வார் போல இறுகியிருக்கவேண்டும்.

இறுகவில்லை. மூன்றாம் நாள் தொட்டுப் பார்த்தால் ஈரம் கூடியிருந்தது. கீலங்கள் ஒவ்வொன்றும் தொங்கத் தொங்க வெதுவெதுப்பாக இருந்தன. கீழே சீமெந்துத் தரையில் வெள்ளைத் துளிகள். உப்புத் தண்ணீர்தான் என்று தனக்குத்தானே சொல்லி, குந்தியிருந்து துடைத்தான். துடைத்த துணியில் பால் மணத்தது.

மேலே வீடு அமைதியாக இருந்தது. அதுதான் முதலில் சந்தோசமாகப் பட்டது.

கீர்த்திகன் அழுவதை நிறுத்திவிட்டான். போட்ட இடத்தில் கைகால்களை மடக்கிக்கொண்டு, கண்களைத் திறந்தபடி கிடந்தான். தாயின் மார்பில் வாய் வைக்க மறுத்தான். பயந்துபோய்த் தாதியிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நிறை நன்றாகக் கூடியிருக்கிறது, பிள்ளை வயிறு நிறையக் குடிக்கிறான் என்றாள்.

திரும்பி வரும்போது காருக்குள் தக்ஷாயினி பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தாள்.

"நான் குடுக்கேல்லை," என்றாள். "அப்ப ஆர் குடுக்கிறது?"

வீட்டுக்கு வந்ததும் அவள் பிள்ளையின் உச்சியில் மூக்கை வைத்தாள். வைத்தபடியே நின்றாள்.

"இஞ்சாருங்கோ, இவனிலை மணமே இல்லை."

அவனும் மோந்து பார்த்தான். பவுடர் மணம் இல்லை, பால் மணம் இல்லை. கழுவிக் கவிழ்த்த கோப்பையில்கூட அதைவிட மணம் இருக்கும்.

அடுத்த நாள் மத்தியானம், காரின் நெளிந்த முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஊட்வார் நின்றார். வேட்டைக்காரர், அதிகம் பேசாதவர்.

"எதிலாவது இடித்தாயா?"

"கராஜ் தூணில்," என்றான் இரவீந்திரன்.

ஊட்வார் அதை நம்பியதாகத் தெரியவில்லை. இரண்டு நாளைக்கு முன் காட்டோரத்தில் ஒரு மான்குட்டி தனியே திரிந்ததைக் கண்டேன், தாயைக் காணோம் என்றார். பிறகு, காரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"பிறந்த புதிதில் குட்டிக்கு மணம் இருக்காது. சத்தமும் போடாது. தாய் விட்ட இடத்திலேயே அசையாமல் கிடக்கும். ஆட்கள் அநாதை என்று நினைத்துத் தூக்கிவிடுகிறார்கள். தொடக் கூடாது. தாய் எங்கேயோ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். நேரத்துக்கு வந்து பால் கொடுக்கும்."

இரவீந்திரன் உள்ளே போய், உதை கேட்டது வரைக்கும் ஒன்றும் விடாமல் மனைவிக்குச் சொன்னான்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருக்கும் என்று அவனுக்குப் பட்டது.

"பால் குடுக்கிற தாயைக் கொண்டுவந்து என்ரை பிள்ளை படுக்கிற வீட்டுக்குள்ளை வெட்டினனீங்கள்," என்றாள். "கொண்டுபோய் அங்கையே வையுங்கோ. ஒரு துண்டு மிச்சம் இருக்கக் கூடாது."

நூல்களை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் உருவிப் பையில் போட்டான். பை மடியில் படுத்த பூனை மாதிரிச் சுட்டது. வளைவில் காரை நிறுத்திப் பன்னங்களுக்குள் இறங்கினான். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வத்தலைக் கொட்டினான். ஊரில் சாமிக்குக் கும்பிடுவது போலக் கைகூப்பி, "என்ரை பிள்ளையை விட்டிடு," என்றான்.

அப்போது காலில் ஏதோ தட்டியது.

குட்டி. கைகால்களை மடக்கிக்கொண்டு கிடந்தது. செத்து ஒரு நாளாவது இருக்கும்.

குனிந்தவனுக்கு மூக்கில் அடித்தது பிண நாற்றம் இல்லை.

பவுடர். பால். உச்சியில் தேய்த்த நல்லெண்ணெய்.

கீர்த்திகனின் மணம்.

அந்தத் தாய் மானுக்கு இப்போது குட்டி இல்லை. அது விளங்கியதும் இரவீந்திரன் ஓடினான். கதவைச் சரியாகச் சாத்தாமலே காரை எடுத்தான்.

வீட்டில் தக்ஷாயினி பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இவனைக் கிடத்திப்போட்டுத் தண்ணி வைக்கக் குசினிக்குள்ளை போயிட்டு வந்தனான்," என்று மெல்லச் சொன்னாள். "பாருங்கோ."

கீர்த்திகனின் தலைமயிர் முழுக்க நனைந்திருந்தது. நெற்றியிலிருந்து பிடரிவரை, ஒரே பக்கமாக, படிய நக்கி விட்டிருந்தது.

"சப்பாத்தைப் போடு. வெளிக்கிடுவம். சாமான் ஒண்டும் வேண்டாம்," என்றான்.

அவள் குனிந்தபோது பிள்ளை வாயைத் திறந்தான். நாள் கணக்காக வராத சத்தம் வந்தது. அழுகை இல்லை. மெல்லிய, கூர்மையான ஒரு விசில்.

இருவரும் அசையவில்லை.

கீழே, வெறும் நூல்கள் தொங்கும் அறையிலிருந்து, பதில் வந்தது.

பிறகு படியில் குளம்புச் சத்தம் கேட்டது. அவசரமில்லாமல் ஏறியது.

கீர்த்திகன் தாயின் கையில் இருந்தபடியே படிப்பக்கம் தலையைத் திருப்பினான்.

முதன்முதலாகச் சிரித்தான்.