ஹவ்வா இருந்த வருஷங்கள்

ரவூப் தேநீரை நன்றாக ஆற்றி, ஒரு மிடறுகூடக் குடிக்காமல், பக்கத்து நாற்காலிப் பக்கம் நகர்த்தி வைத்தார். அந்த நாற்காலியில் யாரும் இல்லை. அடுப்படி வாசலில் நின்ற ஹமீமா பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அவர் ஒரு தடவைகூடத் தேநீர் ஆற்றித் தந்ததில்லை.

"யாருக்கு அது?"

"ஹவ்வாவுக்கு," என்றார், இதையெல்லாம் கேட்பாங்களா என்பது போல.

ஹவ்வா அவருடைய முதல் மனைவி. மாத்தளையில், கிராம்பும் ஏலமும் மணக்கும் இந்தக் கடைவீட்டுக்கு ஹமீமா மணப்பெண்ணாக வருவதற்கு முன்பே மௌத்தாகி மண்ணுக்குள் போனவள். அவளுடைய படம்கூட வீட்டில் கிடையாது.

ஹமீமாவின் அண்ணன் இத்ரூஸ் நானாதான், சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, அவர்களைக் கண்டியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். இது மூளைச் செல்கள் சாவதால் வரும் மறதி நோய், அவற்றை வெளியிலிருந்து யாரும் வந்து கொல்வதில்லை என்று டாக்டர் சொன்னார். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும் கட்டளை பிறவியிலேயே உண்டாம். தவளையாகும்போது தலைப்பிரட்டையின் வால் மறைவதும் அப்படித்தானாம். உடம்புக்குத் தேவையான அந்தக் கட்டளை, இவருக்கு மட்டும் வரக்கூடாத இடத்தில் வந்துகொண்டிருக்கிறது. புதிய ஞாபகங்கள் முதலில் போகும். பழையவை கடைசியில்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஹமீமாவுக்கு அதே நினைப்பு. புதியது என்றால் அவள். பழையது என்றால் ஹவ்வா. கட்டளை என்றால், கொடுக்கிறது யார்?

அதற்குப் பிறகு அவர் ஹவ்வாவைத் தேடும்போதெல்லாம் ஹமீமா மௌத்துச் செய்தியைச் சொன்னாள். அப்போதுதான் கேள்விப்பட்டவர் போல அவர் விம்மி அழுதார். மறந்தார். திரும்பக் கேட்டார். திரும்பவும் சொன்னாள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று இத்ரூஸ் நானா கடிந்துகொண்டார். அவள் கேட்கவில்லை. சொல்லும் ஒவ்வொரு தடவையும் ஹவ்வாவைத் தன் கையாலேயே அடக்கம் செய்வது போல ஓர் ஆறுதல். அழுது ஓயும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அந்தக் கண்ணீரில் ஒரு சொட்டும் தனக்கில்லையே என்று வெந்துகொண்டும் இருந்தாள்.

மழை பொய்த்து, கிணறு அடிமட்டத்துக்கு இறங்கி, கரண்ட் வெட்டும் தொடங்கியிருந்த நாட்கள் அவை. ஒரு மாலை மஃரிப் தொழுது எழும்போது, கிராம்புச் சாக்குகளின் காரமும் மண்ணெண்ணெய் விளக்கின் புகையும் கலந்த காற்றில், அப்போதுதான் தலைக்குக் குளித்து வந்த பெண்ணின் ஈரக் கூந்தல் வாசனை மெல்லப் பரவுவதையும், கூடத்தில் ரவூபின் குரல் தாழ்ந்து, ஒரு பதிலைக் கேட்கும் அளவுக்கு நின்று, பிறகு சிரித்துத் தொடர்வதையும் ஹமீமா உணர்ந்தாள்.

அப்படிச் சிரித்து அவர் ஹமீமாவிடம் பேசியதே இல்லை.

கூடத்துக்குப் போனாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. வாசனை அங்கேதான் கூடுதல்.

ரவூப் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க யாரு?" அந்நியப் பெண்ணிடம் காட்டும் மரியாதை.

"ஹமீமா. உங்க பொஞ்சாதி." நாற்காலியைப் பார்த்தபடியே சொன்னாள். "ஹவ்வா மௌத்தாகிட்டா."

அவர் அழவில்லை. நாற்காலிப் பக்கம் தலை சாய்த்து எதையோ கேட்டார். பிறகு இரக்கத்தோடு சொன்னார்.

"அப்படித்தான் சொல்லுவீங்கன்னு ஹவ்வா சொன்னா. மௌத்தானது ஹமீமாங்கிறவதானாம். பாவம், அவவுக்கே இன்னும் தெரியாதாம்."

நாற்காலியின் மேல் அவருடைய கை மல்லாந்து கிடந்தது. விரல்கள் பாதி மடங்கி. யாரையோ பிடித்திருப்பது போல.

பயத்தை முந்திக்கொண்டு வந்தது பொறாமை. ஹமீமா பாய்ந்து அந்தக் கையைப் பற்றினாள். இறுக்கினாள்.

அவருடைய தோல் அகப்படவில்லை.

விளக்கு அசையாமல் எரிந்தது. நாற்காலியில் யாரும் இல்லை. அவர் கைக்கும் அவள் கைக்கும் நடுவில் சில்லென்று, ஈரமாய், மெலிந்த விரல்கள்.

அவை மெதுவாகத் திரும்பி, அவள் கையைப் பிடித்துக்கொண்டன.