அனுமதித்தவர்: அம்மா

ஏழு மணிக்குப் பூட்டிக்கொண்ட போனிலிருந்து பேச்சுச் சத்தம் வரக் கூடாது. ஆனால் வந்தது. அடுப்பில் நெத்திலிக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்க, ஓட்டின் மேல் மழை சிணுங்கிக்கொண்டிருக்க, துறைமுகப் பக்கம் ஏதோ கப்பல் நீளமாக ஊதி ஓய, அத்தனை சத்தத்துக்கும் அடியில், சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பொம்பளைக் குரல் மெல்லிசாகக் கசிவதை ஜெபசுதா கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். வார்த்தை பிடிபடவில்லை. பேச்சுக்கு நடுவே மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சின்ன ஒலி மட்டும் தெளிவாகக் கேட்டது.

தன் போனை எடுத்துப் பார்த்தாள். திரையில் ஓர் அறிவிப்பு கிடந்தது. ‘அனுஜாவுக்குக் கூடுதல் நேரம் தரப்பட்டது. அனுமதித்தவர்: அம்மா.’

அந்த அம்மா ஜெபசுதாதான். பிள்ளையின் போனுக்கு நேரக் கட்டுப்பாடு போடக் கணக்குத் தொடங்கும்போது நீங்கள் என்ன உறவு என்று திரை கேட்டதற்கு அப்படித்தான் போட்டிருந்தாள். வீட்டில் அனுஜாவுக்கு அவள் சித்தி. ஆனால் கூடுதல் நேரத்தை அவள் கொடுக்கவில்லை. இவ்வளவு நேரமும் அவள் கையில் கரண்டிதான் இருந்தது.

அனுஜாவின் அப்பா இனிகோ மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்ப்பவன். முதல் மனைவி மரியசெல்வி நுரையீரல் கெட்டுப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து இறந்த பிறகு, நாசரேத்திலிருந்து ஜெபசுதாவைக் கட்டிக்கொண்டு வந்தான். பிள்ளை கையில் இருந்தது மரியசெல்வியின் போன். படுக்கையிலிருந்தபடி மகளுக்குப் பேசிப் பேசி அவள் அனுப்பிய குரல்பதிவுகளெல்லாம் அதற்குள் இருந்தன. சாயங்கால ஜெபம் முடிந்ததும் அனுஜா கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கேட்பாள். கேட்டுவிட்டு வரும்போது அவள் முகத்தில் இருக்கும் தெளிவு, ஜெபசுதா தலைசீவிவிட்டும் சோறு ஊட்டியும் ஒருநாளும் வரவழைக்க முடியாத தெளிவு.

போனைப் பூட்ட நியாயமான காரணம் இருந்தது. விளையாட்டுக்குள் முகம் தெரியாத எவனோ பிள்ளையிடம் போட்டோ கேட்டிருந்தான். கட்டுப்பாடு போடச் சொல்லி இனிகோவும் கடலுக்குப் போகுமுன் சொல்லியிருந்தான். போன் கடை நயினார் அண்ணாச்சிதான் செய்து கொடுத்தார். பழைய கணக்கை எடுத்தால் எல்லாம் அழிந்துபோகும், வேண்டியதைத் தனியாக ஏற்றிவைக்கலாம், கொஞ்ச நேரம்தான் ஆகும் என்றார். “உள்ள முக்கியமா ஏதும் இருக்காம்மா?”

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி,” என்றாள் ஜெபசுதா. எல்லாவற்றையும் அழிக்கலாமா என்று திரை கடைசியாக ஒரு தடவை கேட்டபோது அவரை முந்திக்கொண்டு அவளே தொட்டாள்.

போன் தானாகவே அழித்துவிட்டது என்று பிள்ளையிடம் சொன்னாள். அனுஜா அழவில்லை. பேசாத போனைக் காதில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது கதவைத் தள்ளினாள். கட்டிலில் அனுஜா. காதில் போன். திரை இருண்டு கிடந்தது, நடுவில் பூட்டுப் படம்.

“எல்லாம் திரும்ப வந்துட்டு, சித்தி,” என்றாள் பிள்ளை. அவள் முகம் தெளிந்திருந்தது.

ஜெபசுதா வாங்கிக் காதில் வைத்தாள். ஒன்றுமில்லை. குளிர்ந்த கண்ணாடி. அதிலிருந்து லேசாக டெட்டால் வாசம் அடித்தது.

மறுநாள் நயினாரிடம் கொண்டுபோனாள். அவர் போனுக்குள் துழாவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“அழிஞ்சது அழிஞ்சதுதாம்மா. நீங்கதான ஒண்ணுமில்லன்னீங்க?”

சாதாரணமாகத்தான் கேட்டார். ஜெபசுதா அவர் கண்ணைப் பார்க்காமல் படியிறங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் போனை அணைத்து, பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பொழுது சாய்ந்ததும் கரண்ட் போனது. கடற்காற்று நின்று, உப்பளத்து ஈரமும் கருவாட்டு வாசமும் வீட்டுக்குள் தேங்கின. மெழுகுவர்த்தி ஏற்றித் திரும்புமுன் ஜெபசுதாவின் போன் தானாக ஒளிர்ந்தது.

‘அனுமதித்தவர்: அம்மா.’

குரல் தொடங்கியது.

பீரோவில் காதை வைத்தாள். அங்கே இல்லை. அடுப்படிக்குப் போனாள். அங்கேயும் கேட்டது, ஆனால் அங்கிருந்து வரவில்லை. குளியலறை. கொல்லைப்புறம். எங்கே போனாலும் குரல் அதே அளவில், அதே தூரத்தில் இருந்தது. இப்போது வார்த்தைகள் புரிந்தன. அங்கன மழை பெய்யுதாளா. கொடியில கெடக்க துணிய எடுத்துப் போடு. அம்மாவுக்கு இன்னைக்கு ஊசி இல்ல.

விசில். மறுபடி விசில்.

பின்னால் காலடி. மெழுகுவர்த்தியை உயர்த்தினாள். அனுஜா. அறை அறையாக அவள் பின்னாலேயேதான் வந்திருக்கிறாள். தலையைச் சாய்த்து, காதைக் கொடுத்து.

சொல்லிவிட வேண்டும் என்று ஜெபசுதாவுக்குத் தோன்றியது. சொல்லிவிட்டால் நின்றுவிடும். பிள்ளை முன்னால் மண்டியிட்டாள். நான்தான் அழிச்சேன் அனு, போன் அழிக்கல, வேணுமின்னே நான்தான் அழிச்சேன். அத்தனையும் நெஞ்சில் வரிசையாக நின்றது. வாயைத் திறந்தாள்.

“சாப்பிட்டியாளா, அனு?”

அது அவள் குரலில்லை. மூச்சை இழுத்தாள். அவள் நெஞ்சுக்குள் விசில் அடித்தது.

மறுபடி முயன்றாள். நான்தான். நான். நாக்கு வேறு எதையோ உருட்டியது.

“இனிமே போன் வேண்டாம். அம்மா இங்கனயே இருக்கேன்.”

உதட்டைக் கடித்து மூடினாள். நிற்கவில்லை. மெழுகுவர்த்தி விழுந்து அணைந்தது. இரண்டு கையாலும் வாயை அழுத்திப் பொத்தினாள். உள்ளங்கைக்குள் உதடுகள் அசைந்தன. சூடாக. ஓயாமல். தொண்டை அதிர்ந்துகொண்டே இருந்தது.

அனுஜா இன்னும் நெருங்கி மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

“சரியா கேக்க மாட்டேங்கு,” என்றாள்.

பிறகு அந்த இருட்டில், அவசரமே இல்லாமல், சுண்டுவிரலில் தொடங்கி, ஜெபசுதாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள்.