பதின்மூன்றாவது குழாய்

ஒன்றுமே இல்லாத குழாயில் கோடு விழுந்திருந்தது.

பன்னிரண்டு குழாய்களில் நெல் இலைச் சாறு. பதின்மூன்றாவதில் வெறும் தண்ணீர், சரிபார்ப்பதற்காக. பாறை இடுக்குக் காட்டுப்புல் ஒன்றில், தாகம் எடுத்தால் மட்டும் விழித்துக்கொள்ளும் மரபணு உண்டு. அதை வெட்டியெடுத்து நெல்லுக்குள் சேர்த்து, எப்போது விழிக்கிறது என்று பார்ப்பதிலேயே ஆராய்ச்சி மாணவியான அவளுக்கு நான்கு வருடமும் பாதித் தலைமுடியும் இரண்டு கல்யாணப் பேச்சும் போயிருந்தன. மரபணு விழித்திருந்தால், குழாயில் உள்ளதை ஓடவிட்டுப் பார்க்கும் ஜெல் தகட்டில் ஆரஞ்சுக் கோடு ஒளிரும். தண்ணீரில் ஒளிரக் கூடாது.

"தண்ணியிலயே ஜீனைக் கண்டுபிடிச்சிட்டியேம்மா, இனி செடி எதுக்கு?" என்றார் அவளுடைய வழிகாட்டியான பேராசிரியை. எங்கிருந்தோ கலப்படம் நுழைந்துவிட்டது. இனி எந்த முடிவையும் நம்ப முடியாது. மாலை ஐந்து மணிக்கு அந்த நெல் வளர்ந்த நாற்பது தொட்டிகளும் அழிப்பதற்காக நீராவிக் கொதிகலனுக்குப் போகும், எல்லாம் முதலிலிருந்து.

"எங்கேர்ந்து வந்துச்சுன்னு காட்டறேன் மேடம். அதுவரைக்கும் தொடாதீங்க."

ஆய்வகத்தில் அவளுக்கு 'அடம்' என்று பெயர். சும்மா வைத்த பெயரில்லை. அன்று விடுமுறை, வேறு ஆளில்லை. மேசை, சாறு உறிஞ்சும் பிப்பெட், கையுறைப் பெட்டி, கதவுப் பிடி என்று திருட்டுப் போன வீட்டில் ரேகை எடுப்பவள் போல எல்லாவற்றையும் பஞ்சால் ஒற்றியெடுத்துப் பன்னிரண்டு புதுக் குழாய்களில் போட்டாள். மிச்சமிருந்தது அவள் மட்டும்தான். 'கடைசியில் என்னையும் கவனிக்கிறேன், அம்மா பார்த்தால் சந்தோஷப்படுவாள்' என்று சிரித்தபடி தன் உள்கன்னத்தையும் சுரண்டிப் பதின்மூன்றாவது குழாயில் போட்டாள்.

இயந்திரம் ஓடி முடியும்வரை செடி அறையில் உட்கார்ந்தாள். செடிகளை வாட்டுவதற்கென்றே அனல் ஏற்றிய அந்த அறையில் ஈரமண் வாசனையும் சுடுகிற தகரத்தின் வாசனையும் கலந்து தொண்டையில் படிய, மின்விசிறிக் காற்றில் நாற்பது தொட்டி இலைகளும் காகிதம் கசங்குவது போல ஓயாமல் சரசரத்துக்கொண்டிருந்தன. அவ்வப்போது தானே ஓய்வெடுக்கும் விசிறி நின்றது. சரசரப்பு நிற்கவில்லை.

நெற்றியைத் துடைத்தாள். காய்ந்திருந்தது. கழுத்தும். கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தோம்? நேற்றா? முந்தாநாளா?

ஜெல்லை விளக்கின் மேல் வைத்தாள். மேசை: வெறுமை. பிப்பெட்: வெறுமை. கதவுப் பிடி: வெறுமை.

பதின்மூன்றாவது எரிந்தது. நான்கு வருடத்தில் எந்த இலையும் அப்படி எரிந்ததில்லை.

பயம் வந்தது. பிறகு கோபம். கோபம்தான் அவளுக்குப் பழக்கம்.

ஐந்து மணிக்குப் பேராசிரியை வந்தார், முகமெல்லாம் வியர்வை. "என்ன, கண்டுபிடிச்சியா?"

"கண்டுபிடிச்சேன்."

"எங்கேர்ந்து?"

செடி அறை வாசலில் கைகளை அகல விரித்து நின்றாள். "ஒரு தொட்டியையும் குடுக்க மாட்டேன் மேடம். குப்பைன்னு சொல்லி என்னைக் கொதிக்கவைக்க நீங்க யாரு?"

"உன்னையா? என்னம்மா உளர்றே? தள்ளு." அவர் அவளுடைய கைக்கு அடியில் குனிந்து உள்ளே நுழைந்து முதல் தொட்டியைத் தூக்கினார்.

சரசரப்பு நின்றது.

காலையில்தான் தண்ணீர் விட்ட செடிகள். நாற்பது தொட்டிகளிலும் ஒவ்வொரு இலையும் கடும் வறட்சியில் சுருள்வது போல, ஓரத்திலிருந்து உள்ளே சுருண்டு ஊசியானது. தொட்டி பேராசிரியையின் கையிலிருந்து நழுவி உடைந்தது. அவர் செடிகளைப் பார்க்கவில்லை. அவளுடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விரித்த கைகளில் பத்து விரல்களும், எலும்பே இல்லாதவை போல, ஓரத்திலிருந்து உள்ளே சுருண்டுகொண்டிருந்தன. அவள் அவற்றைத் தடுக்கவில்லை. வாசலை விட்டு நகரவும் இல்லை.